முதல் நாளே சொன்னது

தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. எங்காவது ஜன்னலில் பந்து பட்டால் அவருக்கு ஆள் வரும். அலமாரிக் கதவு விரிசல் விட்டாலும், படத்துக்குச் சட்டம் போடவும் அவரைத்தான் தேடுவார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்குள் வந்து உட்கார்ந்து, கண்ணை அகல விரித்துக் காட்டியிருக்கிறார். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஜன்னல் அளவுக்கு ஒன்று வெட்டி மூக்கில் மாட்டி அனுப்பியிருக்க வேண்டியதுதானே என்றாள்.

அன்று மாலை ஜெபத்தில் அவள் நன்றி சொன்னது அந்த மனிதரின் கண்களுக்கு.

அந்த வீட்டு ஜெபம் சமையலறை மேசையில் நடக்கும். மேசைக்கு மேலே சுவரில் ஒரு சிலுவை, மேசையில் ஒரு மெழுகுவர்த்தி. ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கண்ணில் பட்ட கடவுளின் வேலை ஒன்றைச் சொல்லி, அதற்கு நன்றி என்று முடிக்க வேண்டும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. நேற்றுச் சொன்னதையும் கூடாது, என்றைக்கோ சொன்னதையும் கூடாது, வீட்டில் வேறு யாராவது சொன்னதையும் கூடாது. சொன்னால் மனைவி விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். வேறொன்று யோசித்துச் சொல்லும்வரை சாப்பாடு கிடையாது.

இது எங்கிருந்தும் வந்த வழக்கம் இல்லை. அவள் தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அங்கே படுக்கப் போகுமுன் பிள்ளைகள் வரிசையாக நின்று நன்றி சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல, சாப்பாட்டுக்கு நன்றி, போர்வைக்கு நன்றி என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். இவ்வளவு வேலை செய்து வைத்திருக்கும் கடவுளுக்குத் தினமும் இதையே கேட்டு எவ்வளவு சலித்துப்போயிருக்கும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. அப்போது தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. புருஷன் வந்ததும் அவருக்கும் சேர்த்து வைத்தாள்.

மடத்துத் தையல் கூடத்தில்தான் அவளை முதலில் பார்த்தார். ஒரு ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. புதியது பொருத்தி, சட்டத்தோடு பிடித்துக்கொள்ள ஓரமெல்லாம் மக்கு அப்பி, கத்தியால் இழுத்து வழித்து முடித்தார். தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்து மக்கில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"மக்கு அது. கைய வைக்காதீங்க," என்றார்.

"யாரச் சொல்றீங்க?" என்றாள்.

கூடமே சிரித்தது. அவருக்குக் காது வரை சூடேறிவிட்டது. விரல் பதிந்த இடத்தைத் திரும்ப வழித்து விட்டிருக்கலாம், விடவில்லை. மறு வாரம் மக்கு காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தார். எந்தக் கண்ணாடிக்காரனும் அப்படி வந்து பார்ப்பதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமான அன்று மாலை அவள் விதியைச் சொன்னாள். அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வேர்த்தார். கடைசியில், "வெளிச்சத்துக்கு நன்றி," என்றார்.

அவள் மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு, "மொத்தத்தையும் ஒரே வாயில அள்ளிட்டீங்களே," என்றாள். "இனிமே வெளிச்சம்னு முழுசா சொல்ல முடியாது. சில்லறையாத்தான் சொல்லணும்."

சில்லறையாகத்தான் சொன்னார். ஈரத் தரையில் விழுந்த வெளிச்சம், தண்ணீர்த் தொட்டியிலிருந்து கூரைக்குப் போய் ஆடிய வெளிச்சம், ஒருவர் காதுமடல் வழியாகச் சிவப்பாக வந்த வெளிச்சம். விதி அவருக்கு எளிதாகப் பிடிபட்டுவிட்டது. அவர் தொழிலிலும் அப்படித்தான். கண்ணாடியில் கட்டரை வைத்து ஒரே இழுப்பாகக் கோடு இழுக்க வேண்டும். சரியாக விழவில்லையோ என்று அதே கோட்டில் மறுபடி இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும்.

சொல்வதற்கு அவருக்குப் பஞ்சம் வந்ததில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஜன்னல்களில் நின்றார். கண்ணாடி போட்டு முடித்ததும் துணியால் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் அதன் வழியாக வெளியே பார்ப்பார். வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் பார்ப்பதெல்லாம் மாலைக்கு ஆகும். ஒரு மாடியிலிருந்து பார்த்தால், காக்கை ஒன்று கம்பித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்கு எப்படி நுழைப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி முயன்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து, எதிர்க் கூரையின் ஓட்டை வழியாக முளைத்த செடி. மனைவி வீட்டிலேயே தைப்பவள்; அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு தெருவும் வந்து போகிறவர்களும். அதில் அவள் எடுப்பதைக் கேட்டால் இவர் அசந்துபோவார். அளவெடுக்க வந்தவளின் கழுத்து மச்சம். துணி வெளுக்கும்போது ஓரம் மட்டும் வெளுக்காமல் நிற்பது. கொட்டாவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது.

தீர்ப்பெல்லாம் அவளுடையது. ஒருமுறை அவருடைய மாமன் மகன் வந்து பத்து நாள் தங்கி, வீட்டையே புரட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பினான். அன்று மாலை அவர் அவன் ஊர் போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொன்னார். அது பஸ்ஸோட வேலை, கடவுளோட வேலை இல்ல என்று தட்டினாள். மகள் சின்னவளாக இருந்தபோது எறும்பைச் சொன்னாள். எறும்பு போன மாசமே ஆச்சு என்று அம்மா தட்டினாள். "இது செவப்பும்மா," என்றது பிள்ளை. அம்மா சிலுவையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு, செவப்பு தனி என்று விட்டுவிட்டாள்.

எதையும் அவள் எழுதி வைத்ததில்லை. ஆண்டுக்கணக்கில் மூன்று பேர் சொன்னது முழுவதும் அவள் தலையில் இருந்தது. மழை பெய்யும் நாளில் அவர் மழையின் வாசனை என்று ஆரம்பித்தால், மகள் பிறந்த வருஷம் சொன்னீங்க, அந்த மஞ்சள் வீட்டுக்கு வேலைக்குப் போன அன்னிக்கு என்பாள். இவருக்கு அந்த மஞ்சள் வீடே நினைவிருக்காது.

மகளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான்.

நாள் ஆவதற்குள் பிறந்துவிட்டான். இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். சாமியாரைக் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். அப்போது அந்த நர்ஸ், ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாமே, நீங்களே ஊற்றுங்கள் என்று ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகத்துக்குள் இருந்த மக்கு போகவில்லை. உள்ளங்கையில் காலையில் கண்ணாடி கீறிய கோடு எரிந்தது. தண்ணீரைக் கையில் ஏந்தி, பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று தடவை அந்த நெற்றியில் விட்டார். மறுநாள் பையன் போய்விட்டான். அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அடக்கம் முடித்து அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய மாலை, மனைவி கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள். அவருக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஜெபமாலை சொன்னார்கள். முடிந்ததும் அவள், "பால் ஊறுது," என்றாள். "பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அம்மாகிட்ட பால் இல்ல. அதுக்குக் குடுத்தேன். பாலுக்கு நன்றி."

பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நடைபாதைக் கோடி வரை போய், அங்கிருந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எதுவும் சொல்லாமல் விட்ட மாலை அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து பழையபடி சொன்னார். அந்த மாலையைப் பற்றி அவள் ஒருபோதும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைச் சுற்றியிருந்த எதையும் அவர் நன்றியில் சேர்க்கவில்லை. காக்கை, செடி, காதுமடல் என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை.

காலம் போயிற்று. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். மேசையில் இரண்டு பேர்தான்.

ஒரு மாலை மனைவி, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்றுக்கு மட்டும் வாலில் முடிச்சு, அதற்கு நன்றி என்றாள். மறுநாள் மாலை ஜெபமாலை முடித்து, அவள் முறை வந்தபோது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று தொடங்கினாள்.

அவருக்கு நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட மாட்டியதில்லை. அவர் மாட்டிய மாலைகளுக்குக் கணக்கில்லை. அவள் வாலில் முடிச்சு என்று சொல்லி முடிக்கும்வரை வாயை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். பிறகு கையை ஓங்கி, மெழுகுவர்த்தி ஆடும்படி மேசையைத் தட்டினார்.

"சொன்னது! நேத்துதான் சொன்னே! அகப்பட்டியா?"

அவள் அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தட்டிய கையைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பவரின் பார்வை இருந்தது.

அவர் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை எதைச் சொன்னாலும் அந்தக் கை எழவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூளை சுருங்கி வருகிறது, புதிதாக நடப்பது முதலில் போகும், பழையது கடைசியாகப் போகும் என்றார். அவளுக்கு எதிரிலேயேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அவள் நூல் கண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினாள். மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றியதும், ஜெபத்தைத் தொடங்காமல் அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கு எல்லாம் போயிடும்போல இருக்கு. போனா போகட்டும். நீங்க இதை விட்டுடக் கூடாது."

"விட மாட்டேன்."

"புதுசா சொல்லணும். இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு பழசையே ஓட்டக் கூடாது. எனக்குத் தெரியலைன்னாலும் கேக்கறவருக்குத் தெரியும்."

அவர் சிலுவையைக் காட்டிச் சரி என்றார்.

முதல் இரண்டு வருஷம் வாக்கைக் காப்பாற்றினார். பிறகு அவளைத் தனியாக விட முடியவில்லை. அடுப்பை ஏற்றிவிட்டு மறந்தாள். ஒருநாள் மடத்துக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பில்லாமல் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டாள். அவர் கடையை மூடினார். தெரிந்தவர்கள் ஆள் அனுப்பினால், வேறு யாரையாவது பாருங்கள் என்றார். ஊரில் இருந்த ஜன்னல்களெல்லாம் போய் அவருக்கு ஒரே ஜன்னல் மிஞ்சியது, சமையலறை ஜன்னல். அதன் வழியே தெரிவது எதிர்வீட்டுப் பக்கச் சுவரும் ஒரு குழாயும்.

அந்தச் சுவரிலும் கொஞ்ச நாள் ஓட்டினார். பாசி, பல்லி, குழாய் நுனியில் சொட்டு சேர்வது. ஆனால் அவர் வாய் வறண்டதற்குச் சுவர் மட்டும் காரணமில்லை. அவளைக் குளிப்பாட்டித் துடைத்து உடுத்திவிடும்போது, யார் நீங்க, எங்க வீட்டுக்காரர் வந்துடுவார் என்று அவள் துணியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அந்த நாளில் மாலை வந்து உட்கார்ந்து யாருக்கு எதற்கு நன்றி சொல்வது? ஊரில் மறக்கத் தகுந்த தலைகள் எவ்வளவோ இருக்கின்றன. கடவுள் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்த தலை இது. இதைத்தானா அழிக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எப்போதும் எங்கும் நன்றி செலுத்துவது தகும் என்று சாமியார் சொல்லும் இடத்தில் எல்லோரோடும் சேர்ந்து அவரும் நிற்பார். எப்போதும் என்பதை ஒருமாதிரி தள்ளிவிடுவார். எங்கும் என்பது தொண்டையில் நிற்கும். எங்கும் என்றால் அந்த ஆஸ்பத்திரி நடைபாதைக் கோடியும் சேர்ந்துதானே என்று தோன்றும்.

ஒரு மாலை ஒன்றும் அகப்படவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "வெளிச்சத்துக்கு நன்றி." அவள் மெழுகுவர்த்தியின் உருகிய ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். தட்டவில்லை. மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. மாலை ஜெபம் சீக்கிரம் முடிந்து, சாப்பாடும் சீக்கிரம் முடிந்தது.

பெரிய வியாழன் வருவதற்கு முந்திய வாரம் பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பக்கத்து வீட்டம்மாவை மனைவியோடு உட்கார்த்திவிட்டுப் போயிருந்ததால் அவசரமாகவே முழந்தாளிட்டார். கோபம், சலிப்பு, அவளை ஒருமுறை கையைப் பிடித்து வலிக்க இழுத்தது எல்லாம் சொன்னார். கடைசியாக, "நன்றி சொல்றதுல பொய் சொல்றேன், ஃபாதர்," என்றார்.

புதிதாக வந்த சாமியார். புரியவில்லை என்றார். இவர் வீட்டு வழக்கத்தையும் கொடுத்த வாக்கையும் சொன்னார்.

"என்ன சொல்லி நன்றி சொல்றீங்க இப்போ?"

"வெளிச்சம்னு."

"அதுல பொய் எங்க இருக்கு?"

"நான் வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, உங்களுக்குப் பரிகாரமாக ஜெபம் எதுவும் கொடுக்கவில்லை, ஒரே ஒரு நன்றி மனசறிந்து சொல்லுங்கள், எப்போது முடிகிறதோ அப்போது என்றார். பாவமன்னிப்புக் கொடுத்தார்.

கோவிலை விட்டு வெளியே வந்தபோது, அருள் நிறைந்த மரியே ஜெபம் மூன்று சொல்லச் சொல்லியிருந்தால் இங்கேயே முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கா வந்து போயிற்று. பரிகாரம் அப்படியே இருந்தது. மனைவி நடப்பது நின்று, நாற்காலி என்று ஆயிற்று. பேச்சும் குறைந்தது. வாரத்துக்கு ஒருநாள் சாமியார் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்பத்தை நாவில் வைத்ததும் கையைக் குவிப்பாள். அதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மாலையில் அவள் சொல்வதற்காக அவர் காத்திருப்பார். சில நாள் பூனை வரும், சில நாள் மடத்து மணி வரும், பல நாள் ஒன்றும் வராது. பிறகு அவர், வெளிச்சத்துக்கு நன்றி என்பார். சிலுவை அடையாளம் போட்டு எழுந்திருப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். மகள் அனுப்பிய சால்வையை அவளுக்குப் போர்த்தி, நாற்காலியை மேசைக்கு இழுத்து விட்டார். ஜெபமாலையில் பாதி அவள் உதடு கூடவே அசைந்தது. அவள் முறையில் ஒன்றும் வரவில்லை. அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க்கொண்டே, "வெளிச்சத்துக்கு நன்றி," என்றார்.

டொக் டொக் என்று கேட்டது.

சால்வைக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்திருந்தது. விரல் முட்டி மேசைமேல் இருந்தது.

"வெளிச்சம் முதல் நாளே சொல்லிட்டீங்க," என்றாள்.

அவர் நெற்றிக்குப் போன கையோடு அப்படியே இருந்தார்.

"மொத்தமா அள்ளிட்டீங்க. இனிமே சில்லறைதான்."

குரல் அந்த முதல் நாளின் குரல். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கிற முகம். அவளுக்கு அவர் யார் என்று தெரிகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டால் கலைந்துவிடும்.

"யோசிக்கிறேன்," என்றார்.

"யோசிங்க."

யோசித்தார். பாசி சொன்னது. பல்லி சொன்னது. சொட்டு சொன்னது. பழசில் எதை எடுத்தாலும், சொன்னது என்று இவள் தட்டுவாள். இவளிடம் அதெல்லாம் இருக்கிறது, பழையது கடைசியாகத்தான் போகும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் பொறுமையாக இருந்தாள். உள்ளங்கையைத் திருப்பி மேசைமேல் வைத்தார். அதில் பழைய கீறல்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. எது எந்தக் கண்ணாடி என்று கேட்டால் ஒன்றைத் தவிர மற்றதற்குப் பதில் தெரியாது.

அந்த ஒன்று யாரும் சொல்லாதது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில," என்றார். கீறலை விரலால் தடவினார். மறுபடி தொடங்கினார். "நான் அவன் நெத்தியில தண்ணி ஊத்தினேன். என் கை சொரசொரன்னு இருந்துச்சு. தண்ணி சில்லுன்னு பட்டதும் மூஞ்சியச் சுளிச்சான். பெரிய மனுஷன் மாதிரி. யார்ரா அதுன்னு கேக்கற மாதிரி." சிலுவையைப் பார்த்தார். "அப்படிச் சுளிச்சதுக்கு நன்றி."

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "யார் பிள்ளை?" என்றாள்.

"நம்ம பிள்ளை."

"பேர் வெச்சீங்களா?"

அவர் பெயரைச் சொன்னார். அவள் அதை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிலுவையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ புரட்டித் தேடுவதுபோல இருந்தாள். சிவப்பு எறும்புக்குத் தீர்ப்புச் சொன்ன நாளில் இருந்தது போலவே இருந்தாள்.

"இது யாரும் சொல்லல. இது புதுசு," என்றாள்.

கை சால்வைக்குள் போய்விட்டது. அவர் அழுதுகொண்டே சிலுவை அடையாளம் போட்டார். அன்று அவளுக்குச் சோறு ஊட்டும்போது, எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிடுவார் என்றார்.

அப்படி இன்னொரு மாலை வரவில்லை. மறுநாளிலிருந்து அவர் புதிதாகச் சொன்னார். அவளுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அந்தப் பையனிடமிருந்தே எடுத்தார். அவன் நகம், அவன் காது ஓரத்தின் பூனைமுடி, அவனைத் துணியில் சுற்றித் தூக்கியபோது கனமே இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் தொடாமல் வைத்திருந்ததில் இவ்வளவு இருந்தது. ஒவ்வொன்றும் வலித்தது. வலியோடே சொன்னார்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. சாமியார் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பட்டபோது கண்ணைத் திறந்து யாரையோ தேடுவதுபோலப் பார்த்தாள். இரண்டாம் நாள் விடியும் நேரத்தில், அவர் தலையணையைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க மருமகன் போயிருந்தான். மகள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது, அப்பா மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குமாப்பா?" என்றாள்.

அவருக்கு அடக்கம் முடிந்த வேறொரு மாலை நினைவுக்கு வந்தது. "இன்னிக்குத்தான்," என்றார்.

அவள் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. ஜெபமாலை சொன்னார்கள். நடுவில் மகளுக்குக் குரல் உடைந்த இடங்களில் அவர் எடுத்துச் சொன்னார், அவர் நின்ற இடங்களில் அவள். முடிந்ததும் மகள், அம்மா கல்லறைக் குழியில் அப்பா போட்ட மண்ணில் ஒரு மண்புழு இருந்தது, அதற்கு நன்றி என்றாள். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவர் முறை.

"வெளிச்சத்துக்கு நன்றி," என்றார்.

மகளுக்கு அது முதல் நாள் சொன்னது என்று தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்தியது. ஆகட்டும் என்பதுபோலத் தலையசைத்தாள். அவர் கையைக் கூப்பவில்லை, எழவும் இல்லை. காலியான நாற்காலியின் முன்னால், மேசையின் அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குழாயில் சொட்டு விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னப்பா?"

பதில் சொல்லாமல் அவரே விரல் முட்டியால் மேசையை இரண்டு தடவை தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார்.

"இது ஏற்கெனவே சொன்னது," என்றார் மகளிடம். "வேற சொல்லணும்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் யோசித்தார். வெகுநேரம் ஆயிற்று. வடித்து வைத்த சோறு ஆறிப்போகும் என்று மகளுக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

"நான் சொன்னதையெல்லாம் ஒருத்தி கேட்டுக்கிட்டிருந்தா," என்றார். "ஒண்ணுகூட விடாம வெச்சிருந்தா. அந்தத் தலையைப் பண்ணினதுக்கு நன்றி."

யாரும் தட்டவில்லை.

அவர் சிலுவை அடையாளம் போட்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். மகள் எழுந்து விளக்கைப் போட்டாள்.